ஆளே இல்லாம மூடி திறக்குதா? சென்சாரை திட்டாதீங்க

கேள்வி: பையன் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஆட்டோமேட்டிக் குப்பைத்தொட்டி செய்யறான். ஆர்டுயினோ யூனோ கன்ட்ரோல் போர்டு, பிஐஆர் மோஷன் சென்சார், மூடியைத் தூக்க எஸ்ஜி90 செர்வோ மோட்டார், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு 9 வோல்ட் பேட்டரி. கை காட்டினா மூடி திறக்குது, ஆனா மூடின கொஞ்ச நேரத்துல யாருமே இல்லாம மறுபடி திறக்குது, மோட்டார் வேற நடுங்கிட்டே இருக்கு. சென்சார் புதுசு மாத்தியும் அதே கதைதான். கோட்ல தப்பா?

பதில்: கோட்லயும் கொஞ்சம் வேலை இருக்கு, ஆனா முதல் ஆள் அந்த பேட்டரிதான். சின்ன செவ்வக 9 வோல்ட் பேட்டரியால மோட்டார் ஓட்டுற அளவு கரண்ட் குடுக்க முடியாது. எஸ்ஜி90 பாக்கத்தான் 9 கிராம், கிளம்புற நொடியிலயும் எங்கயாவது முட்டி நிக்கும்போதும் அரை ஆம்பியருக்கு மேல கூட இழுக்கும், அப்போ வோல்டேஜ் தடால்னு விழும், ஆர்டுயினோ ரீசெட் ஆகும் (நின்னு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்), சென்சாரும் குழம்பி சும்மாவே ஒரு சிக்னல் விடும், அதைப் பாத்து செர்வோ மறுபடி கிளம்பும், திரும்ப வோல்டேஜ் விழும்... இப்படியே சுத்திட்டு இருக்கும். புது சென்சார் போட்டாலும் மாறாததுக்கு காரணம் இதுதான்.

ரீசெட்தானான்னு உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. மூடி தானா திறக்குற நேரத்துல போர்டுல 13-ம் பின்னோட சேர்ந்த குட்டி எல்இடி படபடன்னு மின்னுதான்னு பாருங்க, மூடி முழுசா திறக்காம பாதி வரைக்கும் எகிறிட்டு இறங்குதான்னும் பாருங்க. செர்வோ லைப்ரரில அட்டாச் (செர்வோவை பின்னோட இணைக்கிற கட்டளை) பண்ணின உடனே, நாம எதுவும் சொல்லலைன்னா அது 90 டிகிரிக்குத்தான் போகும். அதனால பாதி எகிறல்னா பெரும்பாலும் ரீசெட். அட்டாச்சுக்கு முன்னாடியே மூடின கோணத்தை ரைட் (write, எந்த கோணத்துக்குப் போகணும்னு சொல்ற கட்டளை) பண்ணிட்டா இந்த எகிறல் நிக்கும், ஆனா ரீசெட் நிக்காது, அதுக்கு சப்ளையை சரி பண்ணியே ஆகணும்.

வீட்ல கிடக்குற பழைய மொபைல் சார்ஜர், 5 வோல்ட் 2 ஆம்பியர்னு போட்டிருந்தா போதும். அதுலேர்ந்து செர்வோவோட சிவப்பு வயருக்கு நேரா 5 வோல்ட், பழுப்பு வயருக்கு கிரவுண்டு, அதாவது மைனஸ். ஆரஞ்சு வயர் மட்டும் ஆர்டுயினோ பின்னுக்கு. சார்ஜர் கிரவுண்டையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் கட்டாயம் சேர்த்துடுங்க, நிறைய பேர் இதை விட்டுட்டு செர்வோ கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுதுன்னு வருவாங்க. செர்வோ பக்கத்துலயே 470 இல்ல 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒண்ணு போடுங்க, பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டா வெடிக்கும், அதனால பையனை விடாம நீங்களே ஒரு தடவை செக் பண்ணிடுங்க. ஆர்டுயினோவுக்கு தனியா யூஎஸ்பி குடுத்துட்டா இன்னும் நிம்மதி.

அடுத்தது சென்சார். உங்க கிட்ட இருக்கிறது வெள்ளைக் குமிழ் வச்ச எச்சிஎஸ்ஆர்501-ஆ தான் இருக்கும்னு நினைச்சு சொல்றேன். அதுல ரெண்டு திருகு இருக்கும், ஒண்ணு தூரம், சுமார் 3 மீட்டர்லேர்ந்து 7 மீட்டர் வரை, இன்னொண்ணு சிக்னல் எவ்ளோ நேரம் நிக்கணும்ங்கிறது, சுமார் 3 செகண்ட்லேர்ந்து 5 நிமிஷம் வரை. ரெண்டையும் குறைஞ்ச அளவுக்கு திருப்பிடுங்க. ஜம்பர் (பின்கள் மேல மாட்டுற குட்டி மூடி) ஹெச் பக்கம் இருக்கட்டும், அப்போ ஆள் அசையற வரைக்கும் சிக்னல் நிக்கும். கரண்ட் குடுத்து ஒரு நிமிஷம் வரைக்கும் அது தன் பாட்டுக்கு சிக்னல் விடும், அந்த நேரத்துல கோட் அதை கண்டுக்கவே கூடாது.

குப்பைத்தொட்டிக்கு பிஐஆர் சரியான சென்சார் இல்லைங்கிறது என் கருத்து. அது கை கிட்ட வருதான்னு பாக்கறதில்ல, எதிர்ல வெப்பம் நகருதான்னுதான் பாக்குது, குறைஞ்ச தூரமே 3 மீட்டர்னா எக்ஸிபிஷன்ல போற வர்ற எல்லாருக்கும் மூடி திறக்கும். வாங்கியாச்சு, இதையேதான் வைக்கணும்னா குமிழைச் சுத்தி ஒரு சாண் நீளத்துக்கு பிவிசி பைப் துண்டு மாட்டி பார்வையை குறுக்குங்க. மூடி அசையறது பைப்புக்குள்ள தெரியாத மாதிரி வைங்க, ஃபேனும் வெயில் விழற ஜன்னலும் எதிர்ல வேண்டாம். மாத்த முடியும்னா எச்சிஎஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் (ஒலியால தூரம் அளக்கிற சென்சார்) போட்டு 20 சென்டிமீட்டருக்குள்ள கை வந்தா மட்டும் திறன்னு எழுதிடலாம், அதுதான் சுலபம்.

கோட்ல என்ன மாத்தணும்னா, சிக்னல் ஹையா (வந்துட்டு) இருக்கான்னு மட்டும் கேக்காம லோவுலேர்ந்து (சிக்னல் இல்லாத நிலை) ஹைக்கு மாறுற அந்த தருணத்துல மட்டும் திறக்கச் சொல்லுங்க, சிக்னல் லோ ஆனதும் மூடட்டும். மூடி அசையும்போதும் மூடின அப்புறம் ஒரு 3 செகண்டும் சென்சாரை படிக்கவே வேண்டாம், சென்சாரும் சிக்னல் லோ ஆனதும் 2 செகண்டுக்கு மேல எப்படியும் குருடாத்தான் இருக்கும், அதனால நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. முழுசா மூடினதும் டிடாச் (அட்டாச்சை எடுத்துவிடுற கட்டளை) குடுத்துடுங்க, உங்க நடுக்கமும் அந்த உர்ர்ர் சத்தமும் அங்கயே அடங்கிடும். திறக்கும்போது மறுபடி அட்டாச், அதுக்கு முன்னாடி ரைட், மறந்துடாதீங்க.

மூடி எவ்ளோ கனம்னு நீங்க சொல்லலை. எஸ்ஜி90-யோட சக்தி 4.8 வோல்ட்ல 1.8 கிலோ சென்டிமீட்டர், அதாவது அச்சுலேர்ந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோ வரைக்கும்தான் தாங்கும். கீல்லேர்ந்து மூடியோட கனம் விழற நடு இடம் 10 சென்டிமீட்டர்னு வச்சா 100 கிராம் மூடிக்கே 1 கிலோ சென்டிமீட்டர் போயிடும், அதுக்கு மேல ஏத்தாதீங்க, பிளாஸ்டிக் பல் உடையும். கனமான மூடின்னா மெட்டல் கியர் செர்வோ, இல்லைன்னா ஃபோம் போர்டுல மூடி வெட்டிடுங்க, எக்ஸிபிஷனுக்கு அது தாராளமா போதும்.