அன்னத்தை ஏன் அவசரப்படுத்தினீர்கள்?

ஐயா,

ரவிவர்மாவின் ‘ஹம்ச தமயந்தி’யைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகுகிறேன். தமயந்தி ஓரளவு வந்துவிட்டாள். அன்னம்தான் பொம்மை மாதிரி நிற்கிறது. கட்டம் போட்டு வரைவது தவறா? எந்தக் கம்பெனி வண்ணம் வாங்கலாம்? பார்த்து வரைவதெல்லாம் ஓவியமே இல்லை என்கிறான் தம்பி. என் படத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

தம்பி சொல்வதை விடுங்கள். எனக்குத் தெரிந்த ஓவியர்கள் எல்லோரும் பார்த்து வரைந்து கை பழகியவர்கள்தான். கட்டம் தாராளமாகப் போடலாம். வண்ணத்துக்குக் கடையில் கிடைக்கிற மாணவர் ரகமே இப்போதைக்குப் போதும்.

உங்கள் படத்தை நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையின் சிவப்பை மடிப்புக்கு மடிப்பு மாற்றியிருக்கிறீர்கள். பொறுமையான கை, மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் அன்னத்துக்கு வந்தேன், கோபம் வந்துவிட்டது. டியூபிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே பூசி, கறுப்பில் ஒரு புள்ளி வைத்துக் கண் என்று முடித்துவிட்டீர்கள். சேலைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது அந்தப் பறவைக்குக் கிடைத்திருக்க வேண்டாமா? அந்தப் படத்தில் பேசுவதே அன்னம்தான். அது நளனைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான் தமயந்தி அப்படி நிற்கிறாள்.

சின்ன வயதில் மதுரையில் சினிமா பேனர் வரைகிற ஒருவரிடம் எடுபிடியாக இருந்தேன். பவுடர் வண்ணத்தை எண்ணெயில் குழைத்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் மாடு அணையும் வீரன் படம் ஒன்றைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னார். நான் ஆளின் முகத்தில் ஆரம்பித்தேன். கையிலிருந்த கரித்துண்டைப் பிடுங்கிவிட்டார். “ஆளையும் போடாதே, மாட்டையும் போடாதே. அவன் கைக்கும் திமிலுக்கும் நடுவுல தெரியுற வெறும் இடத்த மட்டும் போடு.” அந்த இடம் ஒரு கோணல் முக்கோணம். ஒரு பக்கம் முழங்கையின் உள்வளைவு, மறுபக்கம் திமிலின் சரிவு, அடியில் முதுகு. அது சரியாக விழுந்ததும் கையும் காளையும் தானாக இடத்தில் வந்து நின்றன.

நீங்களும் தமயந்தியின் முகத்துக்கும் அன்னத்தின் கழுத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை முதலில் வரையுங்கள். கட்டம் அளவைத்தான் சொல்லும், இதைச் சொல்லாது. வெள்ளையும் அப்படித்தான். நிழல் விழும் பக்கம் நீலம் கலந்த சாம்பல், சேலையை ஒட்டிய பக்கம் கொஞ்சம் சிவப்பு. டியூப் வெள்ளை, வெளிச்சம் நேராக அடிக்கிற இடத்தில் மட்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1515-ல் குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று லிஸ்பனில் போய் இறங்கியது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்து சேர்ந்த வர்ணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் போட்டார். பிரமாதமான படம். ஆனால் தோளுக்கு மேலே முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு முளைத்துவிட்டது. ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கும் மேல் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள், கொம்பும் கூடவே வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிஜக் காண்டாமிருகத்தைப் பார்க்க வழியில்லை. உங்களுக்கு என்ன தடை?

அன்னம் இங்கே கிடைக்காதுதான். சோழவந்தான் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேயும்போது போய் வரப்பில் உட்காருங்கள். போட்டோ எடுக்காதீர்கள், நோட்டும் பென்சிலும் போதும். கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், எதையாவது உற்றுப் பார்க்க வாத்து தலையைச் சாய்க்கும். உங்கள் அன்னம் மனுஷி மாதிரி நேருக்கு நேர் பார்க்கிறது, அதனால்தான் உயிர் இல்லை. கழுத்து உடம்போடு சேரும் இடத்தையும் கவனியுங்கள், அங்கே நீங்கள் ஒரு குழாயைச் செருகியிருக்கிறீர்கள்.

தமயந்தியைத் தொடாதீர்கள். அன்னத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வரையுங்கள். எண்ணெய் வண்ணம் இறுகிவிட்டால் சுரண்டுவது கஷ்டம், அதனால் சுரண்டுகிற வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.