கோடை இடிமழையும் குலை தள்ளிய நேந்திரனும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வட்டத்தில், மலையடிவாரத்துப் பள்ளத்தை (மழைநீர் ஓடும் ஓடையை) ஒட்டி இரண்டு ஏக்கரில் நேந்திரன் வாழை வைத்திருக்கிறேன், குலை தள்ளத் தொடங்கிவிட்டது. சென்ற சித்திரையில் ஒரே மாலைக் காற்றில் பாதித் தோட்டம் சாய்ந்தது. பள்ளத்தில் திடீரென வந்த தண்ணீர், கரையை வெட்டிப் புதிதாக வைத்திருந்த இரண்டு வரிசையையும் மோட்டாரையும் அடித்துச் சென்றது. இப்போது ஒரு செயலி வியாழக்கிழமை மழை என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது? உரக்கடையில் தண்டை உறுதியாக்கும் டானிக் தருகிறார்கள், அடிக்கலாமா?

பதில்: வியாழக்கிழமை மாலை உங்கள் தோட்டத்தில் இடிமழை இறங்குமா என்பதை ஐந்து நாள் முன்பே எந்தச் செயலியாலும் சொல்ல இயலாது. கோடை இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே கொண்டது. பெரும்பாலும் பிற்பகலில் எழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். முன்கூட்டித் தெரிவதெல்லாம், ஈரக்காற்று உள்ளே வருகிறதா, திசை மாறும் காற்றுகள் எங்கே சந்திக்கின்றன என்பவையே. அதிலிருந்து மாவட்ட அளவில் வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். வானிலை ஆய்வு மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று அறிவித்தால், மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மிகாமல் மழை பெய்யும் என்றே கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட நாளில் உங்கள் ஊர் வறண்டு கிடந்தால் அறிவிப்பு பொய்த்ததாகாது.

நீங்கள் பார்க்க வேண்டியது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென அந்த மையம் அவ்வப்போது வெளியிடும் உடனடி முன்னறிவிப்பு. மின்னல் எவ்வளவு அருகில் விழுகிறது என்பதைத் தாமினி செயலி காட்டும். தோட்டத்திலிருந்து ஆட்களை வெளியேற்ற அது போதும். ரேடார் படத்தை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம்: 200 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட, புவி வளைவின் காரணமாக, உங்கள் தலைக்கு மேல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில்தான் கடக்கும்.

ஆனால் நீங்கள் மழையைப் பற்றிக் கேட்கிறீர்கள். வாழையைச் சாய்ப்பது காற்று. மேகத்திலிருந்து குளிர்ந்து இறங்கும் காற்று தரையில் மோதி நாற்புறமும் விரிந்து, பல வேளைகளில் முதல் துளிக்கு முன்பே தோட்டத்தை அடைகிறது. ஆகவே அறிவிப்பில் ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி வந்த பிறகு கம்பு வாங்க ஓடினால் பயனில்லை என்பதால், முட்டுக் கொடுப்பதை முன்னறிவிப்போடு முடிச்சுப் போடவே கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து. குலை வெளிவரும் வாரமே மரத்துக்கு இரண்டு சவுக்குக் கம்புகளைக் கவட்டையாகக் கட்டி, மரம் சாயும் பக்கத்திலிருந்து கழுத்துக்குக் கீழே தாங்குமாறு ஊன்றுங்கள். கூலியும் கம்பும் சேர்ந்தால் செலவு கண்ணைக் கட்டும் என்பது தெரியும். ஆனால் கம்பு அடுத்த பயிருக்கும் உதவும், சாய்ந்த தாருக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. மரத்துக்கு மரம் கயிறு கட்டி நிறுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஏனெனில் ஒன்று விழும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. இவற்றோடு காய்ந்த இலைகளை அறுத்து, அடியில் மண் அணைத்து, காற்று எச்சரிக்கை உள்ள நாளில் பாசனத்தை நிறுத்துங்கள். ஈரத்தில் இளகிய மண்ணில் வேரின் பிடி தளர்ந்துவிடும்.

டானிக் வேண்டாம். குலை தள்ளிய மரத்தின் தண்டைச் சில நாட்களில் உறுதியாக்கும் மருந்து எதுவும் கிடையாது. வானிலை எச்சரிக்கை வந்ததும் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து நீட்டுபவர், உங்கள் பயத்தைத்தான் விற்கிறார். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டி, சாம்பல் சத்தைக் குறைத்திருந்தால், அதை அடுத்த நடவில்தான் சரிசெய்ய முடியும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘கரையை வெட்டி இரண்டு வரிசை’ என்பதுதான் உண்மையான கேள்வி. கோடையில் இறுகிய மலைச்சரிவில் ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் விழும் நீர் 5 கோடி லிட்டர். அதில் கணிசமான பகுதி மண்ணில் இறங்காமல் உங்கள் பள்ளத்தைத் தேடி வரும், அப்போது உங்கள் தோட்டத்தில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்த திடீர் வெள்ளமும் மேலே மலையில் பெய்த மழையால் வந்ததே. தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு 2020 முதல் ஆறு மணி நேர அபாயத்தைக் கணித்துத் தருகிறது. ஆனால் அது நீர்ப்பிடிப்புப் பகுதி அளவில் பேரிடர் நிர்வாகத்துக்குப் போகும் தகவல், தனி ஒரு பள்ளத்துக்கான எச்சரிக்கை அல்ல.

அந்த இரண்டு வரிசைகளை மீண்டும் வைக்காதீர்கள், அது பள்ளத்தின் இடம். கரை வெட்டுப்பட்ட இடத்தில் பள்ளத்தைப் பழைய அகலத்துக்கே ஓட விட்டு, ஓரத்தில் வெட்டிவேர் நடுங்கள். மோட்டாரைச் சென்ற ஆண்டு நீர் ஏறிய தடத்துக்கு மேலே மேடை கட்டி வையுங்கள். மலையூர்களில் பேருந்து நிறுத்தத்தருகே கடை வைத்திருப்பவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, மேலே கனமழை பிடித்தால் உடனே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளத்துக்கு அதைவிட முந்திய எச்சரிக்கை வேறெங்கிருந்தும் வராது.