பனை விதைத்தோம், முளையைக் காணோமே?

கேள்வி: புரட்டாசியில் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஏரிக்கரையில் 300 பனங்கொட்டை நட்டோம். தை பிறந்தும் ஒன்றும் தலைகாட்டவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: தயவுசெய்து தோண்டாதீர்கள்! பனையின் முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். வெள்ளைக் குழாய் போல மண்ணுக்குள் போய், அதன் நுனியில் கிழங்கு திரளும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே, அதே கிழங்கு. உங்கள் கரைக்குள் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. குழாய் ஒடிந்தால் கன்று போயிற்று. கத்தி போன்ற முதல் ஓலை வெளியே வரப் பல மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஒரு வருஷம்கூட.

கிழங்குக்காகப் பிடுங்குபவர்களும் பன்றியும்தான் இப்போது பெரிய ஆபத்து. நட்ட இடங்களில் குச்சி ஊன்றி, முள் போட்டு வையுங்கள். கரையைப் பலப்படுத்த ஜேசிபி வந்தால் எல்லாம் வீணாகும். நட்ட இடத்தை ஏரியைப் பராமரிக்கும் நீர்வளத் துறையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். 10 அடி இடைவெளி, குழிக்கு இரண்டு கொட்டை. 2011 ‘தானே’ புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்த கடலூர் மாவட்டம் உங்களுடையது. புயலுக்கு எளிதில் சாயாத நல்ல மரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.