சாமில் பிளேடுக்கு ஆட்டோமேட்டிக் சாணை மெஷின் வாங்கலாமா?

கேள்வி கேட்ட அண்ணாச்சி கடையநல்லூர் பக்கம் சின்னதா ஒரு சாமில் வச்சிருக்காவ. அரம் பிடிச்சு பல் தீட்டுற ஆளு இப்போ கிடைக்க மாட்டேங்கு, தானா பல் தீட்டுற மெஷின் வாங்கலாம்னு பாத்தா மெஷின்ல போட்டா பிளேடு சீக்கிரம் தேஞ்சிரும், வெடிச்சும் போகும்னு நாலு பேரு சொல்லுதாவ, உண்மையான்னு கேட்டிருக்காவ. நான் செங்கோட்டையில 17 வருஷமா இதே வேலைதான் பாக்கேன், எங்கப்பாவும் இதுதான் பாத்தாவ, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன்.

வாங்குங்க அண்ணாச்சி. வெடிக்குங்கறதும் உண்மைதான், எனக்கே வெடிச்சிருக்கு. ஏன் வெடிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

எங்க மில்லுல ஓடுறது பட்டை ரம்பம், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு வீலுல பெல்ட் மாதிரி பிளேடு சுத்தும். 36 இஞ்ச் வீலு, பிளேடு 20 அடி, அதாவது 240 இஞ்ச், பல்லுக்குப் பல் ஒண்ணேகால் இஞ்ச் தள்ளி இருக்கும், கணக்குப் போட்டா 192 பல். ராத்திரி மில்லு நின்னப்புறம் அப்பா பிளேடைக் கழட்டி கட்டையில இறுக்கி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் மொகத்துல ரெண்டு ராவு, முதுகுல ரெண்டு ராவுன்னு உக்காந்தாவன்னா எந்திரிக்க ரெண்டரை மணி நேரம் ஆகும், நான் பக்கத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ்வளவு கைசுத்தமான ஆளு, ஆனா அவுகளுக்கே கடைசி அம்பது பல்லு வரும்போது கை தளந்துரும். முதல்ல தீட்டுன பல்லும் கடைசியில தீட்டுன பல்லும் ஒரே உயரத்துல இருக்காது. தலைமுடி கனம் ஒரு பல்லு தூக்கி நின்னாலும் அந்தப் பல்லுதான் மரத்தைக் கடிக்கும், பின்னால வாற பல்லு சும்மா உரசிக்கிட்டுப் போகும், உரசுனா சூடு, சூடேறுனா பிளேடு நீளும், நீண்டுட்டா நேரா ஓடாது, பலகை அலை அலையா வரும், அதை இழைச்சு நேராக்குறதுக்குள்ள ஆசாரி நம்மளை வையத்தான் செய்வாரு.

மெஷின் இந்த இடத்துலதான் ஜெயிக்கும். பிளேடை வளையமாவே ஸ்டாண்டுல தொங்கவிட்டு ரெண்டு தாடைக்கு நடுவுல ஓட விடுவோம். ஒரு இரும்பு விரல் வந்து பல்லு மொகத்துல முட்டி ஒரு பல்லு தூரம் தள்ளும். மேல சுத்திக்கிட்டு இருக்க எமரி வீலு, அதான் சாணைக்கல்லு, அந்தப் பல்லோட மொகத்தை உரசிக்கிட்டே கீழ இறங்கி, ரெண்டு பல்லுக்கும் நடுவுல உள்ள குழிக்குள்ள போயி, விரல் மறுபடி தள்ளும்போது அடுத்த பல்லோட முதுகைத் தேச்சுக்கிட்டே பைய மேல ஏறி நுனிக்கு வந்துரும். வீலை ஏத்தி இறக்க ஒரு கேம் (சுத்தும்போது மேடு பள்ளத்தால மத்ததைத் தள்ளுற தட்டு), விரலைத் தள்ள ஒரு கேம். பல்லுக்கு என்ன உருவம்ங்கறது அந்த கேம்லயும் எமரி வீலோட விளிம்புலயும்தான் இருக்கு. வீலு இருக்க தலையைச் சாச்சு வச்சா பல்லோட கொக்கிச் சாய்வு, அதாவது பல்லு மொகம் முன்னால சாஞ்சு நிக்கிற அளவு, மாறும். என் மெஷின் நிமிஷத்துக்கு 40 பல்லு போகும், ஒரு சுத்து முடிய அஞ்சு நிமிஷம், மூணு நாலு சுத்து விட்டா வேலை முடிஞ்சிது.

இப்போ என் கதை. மெஷின் வந்த முதல் மாசம், விக்க வந்த ஆளு ஸ்விட்ச் போடவும் பிளேடு மாட்டவும்தான் சொல்லிக்குடுத்தாரு, எவ்வளவு ஆழம் இறக்கணும், வீலு விளிம்பை எப்படி வளைச்சு வைக்கணும்னு ஒண்ணும் சொல்லல. நானும் ஒரே சுத்துல முடிச்சுரலாம்னு வீலை நல்லா இறக்கி வச்சேன். பொறி பூ மாதிரி பறந்துச்சு, பல்லு நுனி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல. அப்பா வந்து பாத்துட்டு, "ஏல, இவ்வளவு பொறி பறந்தா இரும்பு வேகுதுல, குழியைப் பாத்தியா"ன்னு கேட்டாவ. குழியில நீலம் பாரிச்சிருந்துச்சு. நான் பெருசா எடுத்துக்கல. அந்த ஒரு வாரத்துல மூணு பிளேடு குழியில இருந்து கீறல் விட்டுச்சு, ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அறுந்து, மரத்தைத் தள்ளிக்கிட்டு நின்ன பையனுக்கு ஒரு முழம் தள்ளி கூண்டுல போயி அடிச்சுது. மூடி மாட்டியிருந்ததால பொழச்சான். இன்னைக்கு நினைச்சாலும் வயித்தைக் கலக்கும்.

நடந்தது என்னன்னா, எமரி வீலு ஒரே இடத்துல அழுத்தித் தேய்க்கும்போது அந்த இடம் மட்டும் செவக்கச் சூடாகும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசா ஒரு தோல் மாதிரி, சுத்தி உள்ள பச்சை இரும்பு அந்தச் சூட்டை உடனே இழுத்துரும். கொல்லன் உளியைப் பழுக்கக் காச்சி தண்ணியில முக்குனா எப்படி விறைக்குமோ அதே கதைதான். அந்தத் தோல் கண்ணாடி மாதிரி விறைச்சுப் போயிரும், வளைச்சா கீறும். பிளேடு எவ்வளவு வளையுதுன்னு பாருங்க. பிளேடு ஓடுற எங்க வீலு நிமிஷத்துக்கு 600 சுத்து, அப்போ 20 அடி பிளேடு ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட 17,000 தடவை சுத்தி வருது, ஒவ்வொரு தடவையும் மேல் வீலுல ஒருக்க, கீழ் வீலுல ஒருக்க வளைஞ்சு நிமிருது, ஆக மணிக்கு 34,000 வளைவு. அத்தனை வளைவும் எங்க போயி இறங்கும், இரும்பு எங்க குறுகலா இருக்கோ அங்கதான், அதாவது குழியோட அடியில. அங்க ஒரு விறைச்ச தோலோ, கூரா ஒரு மூலையோ, துருப்பிடிச்ச ஒரு பொட்டோ இருந்தாப் போதும். அதனாலதான் சொல்லுதேன், பல்லு நுனியை எல்லாரும் பாப்பாவ, நீங்க குழியைப் பாருங்க.

பட்டை ரம்பம்ங்கற யோசனைக்கே இதுதான் ரொம்ப காலம் சத்துருவா இருந்துச்சு. இங்கிலாந்துல வில்லியம் நியூபெர்ரிங்கறவரு 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயே பட்டை ரம்பத்துக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு, ஆனா இத்தனை வளைவைத் தாங்குற பிளேடும் இல்ல, அதை ஒட்டுற வித்தையும் இல்ல. பிரான்ஸ்ல ஆன் போலின் க்ரெப்பன்னு ஒரு அம்மா 1846ல பிளேடு ஒட்டுறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்குனப்புறம்தான் அது மெல்ல நடைமுறைக்கு வந்துச்சு. நம்ம கையில இருக்கறது அப்படி வந்த சாமான்.

சரி, எப்படி தீட்டணும். ஒரு சுத்துக்கு பேப்பர் கனத்துக்குக் கீழதான் எடுக்கணும், லேசா ஒரு கோடு பொறி வந்தாப் போதும். கடைசி சுத்து வீலை இறக்காமலே சும்மா ஒருக்க ஓட விடுங்க. வீலு விளிம்பு குழி மாதிரியே உருண்டையா இருக்கணும், ஓட ஓட மூலை விட்டுரும், அதனால ஒவ்வொரு பிளேடுக்கும் முன்னால டிரஸ்ஸிங் கல்லு (எமரி வீலையே சீவி உருவம் குடுக்கற கல்லு) காட்டி வளைச்சு விடுங்க, இதுக்குச் சோம்பல் பட்டா வேற எது பண்ணியும் பிரயோசனம் இல்ல. தீட்டி முடிச்சதும் சின்ன அரம் ஒண்ணை எடுத்து குழிக்குள்ள ஒரு ராவு ராவிப் பாருங்க, அரம் கடிச்சா நல்லது, கண்ணாடி மேல வழுக்குற மாதிரி வழுக்குனா அந்த இடம் வெந்து போச்சு, லேசா லேசா ரெண்டு மூணு சுத்து விட்டு அந்தத் தோலை எடுத்துருங்க. கீறல் சந்தேகம் வந்தா குழியில மண்ணெண்ணெய் தடவி, துடைச்சுட்டு, சாக்பீஸ் தேச்சு வைங்க, கீறல் இருந்தா உள்ள போன எண்ணெய் சாக்பீஸ்ல கசிஞ்சு கோடு காட்டிக் குடுக்கும். இது அப்பா சொல்லிக்குடுத்தது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாவ. அந்தத் தள்ளுற விரல் இருக்கு பாருங்க, அது பல்லைத்தான் பிடிச்சுத் தள்ளுது, அளவு பாத்துத் தள்ளாது. ஒட்டுப்போட்ட இடத்துல ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஒண்ணேகால் இஞ்ச் இல்லாம கொஞ்சம் கூடக் குறைய இருந்துச்சுன்னா, வீலு அந்தப் பல்லை ஒவ்வொரு சுத்துலயும் ஆழமாக் கடிக்கும், இல்லன்னா தொடாமலே தாண்டிரும். ஒட்டுப்போடும்போதே பல்லு தூரத்தை அளந்து ஒட்டச் சொல்லுங்க. மெஷினுக்கு முதல்ல நல்ல பல்லைக் காட்டணும், கோணலைக் காட்டுனா 192 பல்லையும் அதே கோணல்ல அச்சு மாதிரி தீட்டித் தரும்.

தேஞ்சு போகுமாங்கற கேள்விக்கு வாறேன். எதுல தீட்டுனாலும் தேயத்தான் செய்யும், புதுசுல 4 இஞ்ச் அகலம் இருக்க பிளேடு போகப்போக குறையும். ஆனா நான் பாத்த வரைக்கும் பிளேடைக் கொல்லுறது தீட்டுறது இல்ல, தீட்டாம ஓட்டுறதுதான். மழுங்குன பிறகும் இன்னும் ஒரு தடி, இன்னும் ஒரு தடின்னு ஓட்டிட்டு கொண்டாந்தா நுனி உருண்டையாப் போயிருக்கும், அந்த உருண்டையை எடுக்க ஏழெட்டு சுத்து விடணும். நாலு மணி நேரம் ஓடுனா நல்லா அறுத்தாலும் கழட்டிருங்க. ரெண்டு சுத்துல முடிஞ்சிரும், பிளேடும் ஆறும். ரெண்டு பிளேடு வச்சிருந்தா பத்தாது, மூணா வச்சிக்கிடுங்க, ஒண்ணு ஓட, ஒண்ணு தீட்ட, ஒண்ணு சும்மா தொங்க.

மரத்துக்கு மரம் மாத்தணும். கேரளாவுல இருந்து ஆரியங்காவு வழியா வாற ரப்பர் மரமும் நம்மூர் மாமரமும் மெத்து, கொக்கிச் சாய்வு கூடுதலா வைக்கலாம், ஆனா ரப்பர்ல பால் ஒட்டி குழி அடைச்சுக்கிடும், டீசல் துணியால துடைச்சுட்டுத்தான் மெஷின்ல போடணும், இல்லன்னா அந்தப் பிசின் எமரி வீலை அடைச்சு அதுவே சூட்டைக் கிளப்பும். தேக்குல மணல் சத்து இருக்கு, நுனியைச் சீக்கிரம் தின்னுரும். புளி வைரம் கேக்கவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல பனை. உங்க பக்கம் பனஞ்சட்டம் அறுக்கச் சொல்லி நெறையப் பேரு வருவாவ, வெளிப்பக்கம் கருப்பு நார் வைரம் பாஞ்சு இரும்பு கணக்கா நிக்கும், உள்ள சோறு மெத்துன்னு இருக்கும், ஒரே அறுப்புல ரெண்டையும் பாக்கணும் பிளேடு. பனைக்கும் புளிக்கும் சாய்வைக் குறைச்சு தனியா ஒரு பிளேடு வச்சிருக்கேன், அதை வேற எதுக்கும் தொட மாட்டேன். பெரிய மில்லுகள்ல இந்த மாதிரி மரத்துக்கு பல்லு நுனியில ஸ்டெல்லைட் வச்சு ஒட்டுதாவ, கோபால்ட்டும் குரோமியமும் சேந்த உலோகம், அமெரிக்காவுல எல்வுட் ஹெய்ன்ஸ் 1907ல பேட்டன்ட் வாங்குனது. நம்ம அளவுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

குழியோட அளவும் பாத்துக்கிடணும். மரமா இருந்தப்போ பிடிச்ச இடத்தை விட தூளானப்புறம் ரெண்டு மூணு பங்கு இடம் பிடிக்கும், அத்தனையும் அந்தக் குழியிலதான் உக்காந்து வெளிய வரணும். தீட்டித் தீட்டி குழியை ஆழம் குறைய விட்டுட்டா தூள் ரெண்டு பக்கமும் வழிஞ்சு பிளேடை இறுக்கும். பல்லு நுனியை மட்டும் தீட்டுற மாதிரி மெஷினை வைக்காதீங்க, மொகம், குழி, முதுகு மூணையும் ஒரே ஓட்டத்துல வீலு தொடணும்.

பல்லு நுனியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா லேசா மடக்குறது, அதான் செட்டிங், அதை மெஷின் செய்யாது. எங்க பழக்கம் முதல்ல செட்டிங், அப்புறம் சாணை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு மடங்கியிருக்கான்னு டயல் கேஜ் வச்சு அளந்து பாருங்க, ஒரு பக்கம் கூடுனா பிளேடு அந்தப் பக்கமாவே இழுக்கும், அதுக்கு சாணையைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல.

சாரல் காலத்துக்கு ஒரு வார்த்தை. ஆனி ஆடியில எங்க பக்கம் துணியே காயாது, தீட்டி வச்ச பிளேடு ஒரே ராத்திரியில செவந்துரும். கடையநல்லூர்லயும் ஈரக்காத்து வரும்லா. குழியில உக்காந்த துரு மேல சொன்ன மாதிரி கீறலுக்கு வாசல், அதனால தீட்டுனதும் எண்ணெய்த்துணி போட்டு குழி குழியாத் தொடைச்சுத் தொங்க விடுங்க.

கடைசியா, பழைய மெஷின் வாங்குறதா இருந்தா பெயின்ட்டைப் பாக்காதீங்க. எமரி வீலு மாட்டுற தண்டைக் கையால பிடிச்சு மேலயும் பக்கவாட்டிலயும் ஆட்டிப் பாருங்க, ஆடக்கூடாது. தள்ளுற விரலோட பின்ல லொடலொடன்னு இருக்கான்னு பாருங்க. கேம்ல விரலால தடவுனா படி மாதிரி எங்கயாவது தட்டுப்பட்டா அந்தப் படி ஒவ்வொரு பல்லு முதுகுலயும் வந்து நிக்கும். உங்க பிளேடு ஒண்ணைக் கையோட கொண்டு போயி, அவங்க கண்ணு முன்னாடியே ரெண்டு சுத்து விடச் சொல்லுங்க, விட்டதும் அங்கொண்ணும் இங்கொண்ணுமா பத்துப் பல்லை வெர்னியர் வச்சு பிளேடு முதுகுல இருந்து நுனி வரைக்கும் அளங்க. பத்தும் ஒரே அளவு காட்டி, குழியில நீலம் இல்லன்னா அட்வான்ஸ் குடுத்துட்டு வாங்க.