கடல்நீர்த் துகள்களும் ஒளியும்: குன்னூரிலிருந்து கேள்வி பதில்

ஊட்டி மாணவி: அக்கா, கடல்நீர்த் துகள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுதுன்னு அளக்க, ஜிஎஃப்/எஃப் ஃபில்டரில் (நுண்கண்ணாடி நார் வடிதாள்) எத்தனை மில்லி கடல்நீர் வடிக்கணும்?

முன்கூட்டியே அளவு வைக்காதீங்க. 440 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியடர்த்தி (ஒளி எவ்வளவு குறையுதுன்னு காட்டுற எண்) 0.1க்கும் 0.4க்கும் நடுவில் நிற்கணும், அவ்வளவுதான். சேற்று முகத்துவாரத் தண்ணீர்னா 50 மில்லியே போதும்; தெளிந்த கடல்னா லிட்டர் கணக்காகும். பம்பை மெதுவா இழுக்க விடுங்க, பாசி செல் உடைஞ்சா நிறமி கீழே போயிடும். பிளாங்க் ஃபில்டரும் (ஒப்பிட வைக்கிற, துகள் இல்லாதது) அதே பெட்டியிலிருந்து எடுத்து, துகள் நீக்கின கடல்நீரில் நனைச்சது. இதை மறக்காதீங்க.

கோத்தகிரி: ஃபில்டரில் வந்த எண்ணை அப்படியே கணக்கில் போட்டா என்ன தப்பு?

நல்ல கேள்வி. தண்ணீரில் மிதக்கிற துகளை ஒளி ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடும். ஃபில்டர் நாருக்குள்ள அது சிதறிச் சிதறி அதே துகளுக்கே திரும்பி வரும். அதனால எண் வீங்கிடும். 2015இல் ஸ்ட்ராம்ஸ்கி குழு கொடுத்த திருத்தப்படி, மிதக்கிற துகளுக்கான ஒளியடர்த்தி இப்படி: ஃபில்டரை ஒருங்கிணைப்புக் கோளத்தின் (சிதறின ஒளியையும் சேர்த்துப் பிடிக்கிற உருண்டை) நடுவில் வைத்து அளந்தா 0.323 × (ஒளியடர்த்தி)^1.0867, சாதாரணமா ஒளிப்பாதையில் வைத்தா 0.679 × (ஒளியடர்த்தி)^1.2804. 0.3 என்ற அதே அளவுக்கு முதலாவது 0.087 தரும், அடுத்தது 0.145. சமன்பாட்டை மாத்திப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க! அப்புறம் 2.303ஆல் பெருக்கி, கறைவட்டப் பரப்பாலும் (ஃபில்டரில் துகள் படிஞ்ச வட்டம்) பெருக்கி, வடிச்ச கன அளவால் வகுக்கணும்; அதுதான் உறிஞ்சல் குணகம். வட்டத்தை வெர்னியரில் அளங்க. 21 மில்லிமீட்டரை 22ன்னு எழுதினாலே விடை பத்து சதவீதம் ஏறிடும்.

கொடைக்கானல்: கடல் தூரம். எங்க ஏரித் தண்ணீரில் பழகலாமா?

தாராளமா. நீலப்பச்சைப் பாசி இருந்தா மட்டும் ஜாக்கிரதை. பாசி நிறமியைப் பிரிச்சுப் பார்க்க ஃபில்டரைக் கழுவுற மெத்தனால் குளோரோஃபிலைத்தான் கழுவும், ஃபைக்கோசயனினை (அந்தப் பாசியின் நீல நிறமி) தொடாது. கழுவின பிறகும் 620 நானோமீட்டர் பக்கம் வளைவில் ஒரு மேடு நின்னா அதைக் குப்பைத்துகள்னு (பாசி நிறமி இல்லாத துகள்) எழுதிடாதீங்க. சோடியம் ஹைப்போகுளோரைட்டில் வெளுத்துப் பாருங்க.

குந்தா: எத்தனை மில்லி வடிக்கணும்?

முதல் பதில்.

அருவங்காடு: வீட்டுக் குழாய்த் தண்ணீர் கலங்கலா வருது, இதில் தெரியுமா?

அது வேற சோதனை. நகராட்சியில் கேளுங்க.

கூடலூர்: 750 நானோமீட்டரில் வர்ற எண்ணைச் சுழின்னு (பூஜ்யம்) வச்சு, வளைவு முழுக்க மொத்தமா கழிச்சிடலாமே?

கோத்தகிரி: கரையோரச் சேறு 750லயும் உறிஞ்சுமே தம்பி!

கூடலூர்: எல்லாரும் கழிக்கிறாங்களே?

கோத்தகிரி சொல்றதுதான் சரி. பாசி மட்டும் மிதக்கிற நடுக்கடலில் கழிச்சா பெரிசா கெடாது. இரும்புள்ள வண்டல் ஆத்தோடு வர்ற கரையில் கழிச்சா உண்மையான உறிஞ்சலும் சேர்ந்து போய், வளைவு முழுக்கத் தாழ்ந்துடும். கோளத்துக்குள்ள சிதறின ஒளியும் பெரும்பாலும் பிடிபடுறதால அந்தக் கழித்தலே அநேகமா வேண்டாம்.

கூடலூர்: எங்ககிட்ட கோளம் இல்லையே அக்கா.

அப்போ 850 வரை அளந்து, வளைவின் வால் தட்டையா ஆகுதா பாருங்க. ஆகலைன்னா கழிக்காத வளைவையும் சேர்த்தே கொடுங்க.

வெலிங்டன்: பிளாங்க்கை வாலைவடிநீரில் நனைக்கலாமா?

கூடாது. எத்தனை தடவைம்மா சொல்றது?

ஊட்டி மாணவி: மூடுபனி நாளில் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த ஃபில்டரில் பனி பூக்குது.

மூடின பெட்ரி தட்டில், இருட்டில் இளக விடுங்க. அப்புறம் துகள் நீக்கின கடல்நீர் ரெண்டு சொட்டு, உடனே அளவு. பிளாங்க்குக்கும் அதே ரெண்டு சொட்டு.