‘லீ’ என்ற குடும்பப்பெயருக்கு எது பொருள்?

கேள்வி: எங்கள் மருமகள் அமெரிக்காவில் பிறந்தவர், அவருடைய குடும்பப்பெயர் லீ. ஓர் இணையதளம் இதற்குப் புல்வெளி என்றும், மற்றொன்று பிளம் மரம் என்றும் பொருள் தருகிறது. முன்னோர் நார்வேயிலிருந்து வந்தவர்கள் என்றும், துறைமுக அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்றும் அவர் வீட்டில் சொல்கிறார்கள். எது சரி? பிறக்கவிருக்கும் பேத்திக்கு ஒலிவியா என்று பெயரிடலாமா? அது அங்கே முதலிடத்தில் இருப்பதால், வகுப்பில் பலருக்கு அதே பெயர் இருக்குமோ என்று தயங்குகிறோம்.

பதில்: நார்வே வழி உண்மையானால், நீங்கள் படித்த இரண்டு பொருள்களுமே உங்கள் மருமகளின் பெயருக்குப் பொருந்தா. ஆங்கிலேயரின் லீ, காட்டைத் திருத்தி உண்டாக்கிய வெளியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சீனரின் லீ பிளம் மரத்தைக் குறிக்கும் எழுத்து; கொரியர்களும் அதே எழுத்தைக் குடும்பப்பெயராகக் கொண்டிருப்பதால், தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீயின் பெயரும் அதுவே. நார்வேயில் லீ என்பது மலைச்சரிவு. ஐக்கிய நாடுகள் சபையின் முதல் பொதுச்செயலாளர் ட்ரிக்வே லீயின் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான். அவர்கள் எழுதும் எல், ஐ, இ என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ‘பொய்’ என்று படிக்கப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், குடியேறிய பலர் தாங்களாகவே இரண்டு ‘இ’ போட்டு எழுதத் தொடங்கியதில் வியப்பில்லை.

அதிகாரி மாற்றினார் என்ற கதையை நான் ஏற்கத் தயங்குவதும் இதனால்தான். குடியேற வந்தவர்களை விசாரிக்க நியூயார்க் துறைமுகத்தில் 1892-இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவு மையத்தில் அதிகாரிகள் பயணிகளின் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. கப்பல் நிறுவனம் முன்பே தயாரித்துக் கொண்டுவந்த பட்டியலை வைத்தே விசாரித்தார்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நார்வேயின் கிராமங்களில் ஒருவருக்குத் தம் பெயர், தந்தை பெயர், பண்ணையின் பெயர் என மூன்றும் சேர்ந்து வழங்கின. வேறு பண்ணைக்குக் குடிபோனால் மூன்றாவது பெயரும் மாறியது. வழிவழியாக வரும் ஒரே குடும்பப்பெயரை 1923-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கட்டாயமாக்கியது. ஆகவே கப்பலேறிய அண்ணன் தந்தை பெயரால் ஓல்சென் என்றும், தம்பி பண்ணைப் பெயரால் லீ என்றும் பதிவாகியிருக்கலாம். ‘லீ’யை மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் தவறிப்போகும். மருமகளின் பெற்றோரிடமிருந்து தொடங்கி, பிறப்பு, திருமணப் பதிவுகள் வழியாக ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். கப்பலேறியவரின் பிறந்த தேதியும் திருச்சபைப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பெயரும் கிடைத்துவிட்டால், நார்வேயின் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பங்குப் பதிவேடுகளில் எந்தப் பண்ணை என்று தேட முடியும். லீ என்ற பெயரில் அங்கே பல பண்ணைகள் உண்டு என்பதால், பங்கின் பெயர் தெரியாமல் தேடுவது வீண் உழைப்பு.

ஒலிவியாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டியலில் உள்ள இடத்தைவிட, பிறந்த குழந்தைகளில் எத்தனை சதவீதம் என்பதே முக்கியம். 1947-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற லிண்டா, அவ்வாண்டு பிறந்த பெண்களில் 5 சதவீதத்துக்கும் மேலானோருக்குச் சூட்டப்பட்டது. 15 பெண்கள் படிக்கும் வகுப்பென்றால், ஏறத்தாழ வகுப்புக்கொரு லிண்டா. 2023-இல் அதே முதலிடத்தில் இருந்த ஒலிவியாவின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஏழெட்டு வகுப்புகளுக்கு ஒருத்தி என்பதே கணக்கு.

எனினும் ஒரே ஒலிப்புடைய பெயரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை அந்தப் பட்டியல் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணுகிறது. சோஃபியா போன்ற பெயரை மாற்றாக நினைத்தால், எல்லா வடிவங்களையும் கூட்டிப் பாருங்கள். மாநிலவாரிப் பட்டியலும் அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத் தளத்தில் கிடைக்கிறது; உங்கள் மகன் வாழும் மாநிலத்துக்கு அதையே பாருங்கள்.