பாலைவனத்தில் பார்த்த தேள் புதிய இனமா? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் எடுத்த படம் இது. வெளிர் மஞ்சள் தேள். புது இனமா?

பதில்: நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெளிறிய மணலில் வாழும் தேள்கள் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். எந்த இடம், எந்தத் தேதி, மண் எப்படி என்று எழுதுங்கள். கையால் தொடாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. முதலில் இடுக்கியில் உள்ள உணர்முடிகள். அவை எத்தனை, எங்கெங்கே இருக்கின்றன என்பதை வைத்து வகைப்படுத்தும் முறையை பிரெஞ்சு தேள் ஆய்வாளர் மாக்ஸ் வாஷோன் 1974-இல் வகுத்தார். இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். அப்புறம் வயிற்றுப் பக்கம் சீப்பு வடிவில் உள்ள உணர்வுறுப்பான சீப்புறுப்பின் பற்கள், வாலில் நீளவாக்கில் ஓடும் மேடான வரம்புகள், இடுக்கி விரல்களின் உள்விளிம்பில் உள்ள மணி போன்ற சிறு புடைப்புகள். சீப்புப் பற்கள் ஆணுக்குப் பொதுவாக அதிகம், அதனால் ஆணையும் பெண்ணையும் கலந்து எண்ணினால் எல்லாம் குழம்பும். வளர்ந்த ஆண் தேள் கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. டிஎன்ஏ துணைக்கு வரும். கடைசியில், ஏற்கனவே பெயர் பெற்ற நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடு, அதாவது பெயரிடும்போது சான்றாக வைத்த தேள்களோடு, ஒப்பிட்டே ஆக வேண்டும்.

2022-இல் பிரகிருத் ஜெயின், ஹார்ப்பர் ஃபோர்ப்ஸ், லாரன் எஸ்போசிட்டோ மூவரும் கலிஃபோர்னியாவில் இரண்டு புதிய தேள் இனங்களுக்குப் பெயரிட்டார்கள். பாரூரோக்டோனஸ் சோடா, பாரூரோக்டோனஸ் கன்க்ளூசஸ். பார்த்த உயிரினங்களின் படங்களை யாரும் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பெயர் தெரியாமல் கிடந்த படங்கள்தான் தொடக்கம். இரண்டுமே வறண்ட உப்பு ஏரிகளை ஒட்டி வாழ்பவை. அந்தப் படங்களோடு இடம் பதிவாகாமல் இருந்திருந்தால் யாரும் தேடிப் போயிருக்க முடியாது.

கேள்வி: என்னிடமும் ஒரு மஞ்சள் தேள் படம் இருக்கிறது, பாருங்களேன்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இடம், தேதி, மண்.

கேள்வி: இரவில் தேள் தேட எந்த விளக்கு வாங்கலாம்?

பதில்: 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புறஊதா டார்ச். அந்த ஒளியில் தேள் ஒளிரும். புதிதாகத் தோலுரித்த தேள் சரியாக ஒளிராது.

கேள்வி: அரிசோனாவில் அண்ணனைத் தேள் கொட்டிவிட்டது.

பதில்: மருத்துவமனைக்குப் போங்கள், உடனே. எந்தத் தேள் என்று பிறகு பேசலாம்.

கேள்வி: இடத்தை வெளியிடச் சொல்கிறீர்கள். பிடித்து விற்பவர்கள் வந்துவிட மாட்டார்களா?

பதில்: வருவார்கள். அதனால்தான் பொதுவில் தோராயமாகக் காட்டி, ஆய்வாளருக்கு மட்டும் துல்லியமாகக் கொடுங்கள் என்கிறேன்.

கேள்வி: அதுவும் ஆபத்துதான். முழுக்க மறைத்துவிடுவதே பாதுகாப்பு.

பதில்: இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கன்க்ளூசஸ் வாழ்வது மொஹாவியில் உள்ள வறண்ட கோன் ஏரி ஓரத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பட்டையில். பெயரிட்டபோது அந்த நிலத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே ஒரு சூரியமின் நிலையம் வந்தால் இனமே போய்விடும். அங்கே தேள் இருப்பது பதிவில் இல்லையென்றால் எதைக் காட்டித் தடுப்பீர்கள்? சோடாவின் நிலை வேறு, அதன் இடம் காரிசோ சமவெளியில் பாதுகாக்கப்பட்ட நிலம்.

கேள்வி: பிடித்து அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். மேலிருந்து ஒரு படம், வாலும் இடுக்கியும் தெளிவாகத் தெரிய ஒன்று, அது நின்ற தரை ஒன்று. அப்புறம் இடம், தேதி, மண்.